கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை

பக்கவாதம் வந்ததிலிருந்து அழகேசனுக்குக் கண்ணாடிப் பயிற்சிதான். அசையாத வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து வைத்து, இடது கையை ஆட்ட வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் வலது கையே ஆடுவதுபோல் தெரியும். மூளை அதை நம்பிப் பழகுமாம்.

"ஏங்க, இன்னிக்காவது அசையுதா?" சோற்றுத் தட்டோடு வந்தாள் அமராவதி.

"எங்க லா? நீதான் ஊட்டணும்."

அப்போது ஈஜோக் ஊர்க் கோயில் பூசாரி வந்து திருநீற்றை நீட்டினார். இடது கையிலா வாங்குவது? கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வலது கை சட்டென்று நீண்டது.

நெளிந்த அழகேசன் முன்னால் தட்டை வைத்துவிட்டுப் பூசாரியிடம் திரும்பினாள் அமராவதி.

"சொன்ன நேரத்துக்கு வந்துட்டீங்க சாமி. நேத்து அந்தக் கை தொடையில கொசு அடிச்சப்பவே எனக்குச் சந்தேகம்."