சளி மாத்திரை

அம்மா கம்பி வேலிக்குள் கையை விட்டு மாத்திரையை நீட்டினாள். மகள் வாங்குவதற்குள், அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற சாம்பல் நிறக் கோட்டுக்காரி அதைப் பிடுங்கிக் கீழே போட்டு ஷூவால் நசுக்கிவிட்டாள்.

அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். பல நாட்டுப் பிள்ளைகள் கலந்துகொள்ளும் ஜூனியர் தடகளப் போட்டி. இன்னும் சற்று நேரத்தில் எண்ணூறு மீட்டர் இறுதி ஓட்டம். சளி இன்றைக்கென்று பார்த்துப் பிடித்திருந்தது.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? என் பொண்ணுக்கு நான் மாத்திரை கொடுத்தா உனக்கென்ன வந்தது?"

கோட்டுக்காரி ஏதோ சொன்னாள். எந்த நாட்டுப் பாஷையோ, ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினாள். கழுத்தில் பதக்கம் போடுவதுபோலக் காட்டினாள். பிறகு அதைக் கழற்றி எறிவதுபோலக் காட்டினாள்.

"பார்த்தீங்களா? நம்ம பொண்ணுக்குப் பதக்கம் கிடையாதுங்கிறா."

"எனக்கென்னவோ வேற ஏதோ சொல்ற மாதிரி இருக்கு" என்றார் அப்பா.

"என்ன சொல்றா?"

"அதான் புரியல."

மகள் மெல்ல வாயைத் திறந்தாள். "அம்மா, கேட்காம எதையும் வாயில போடக் கூடாதுன்னு கோச் சொல்லியிருக்கார்..."

"கோச் என்ன டாக்டரா? பதினெட்டு வருஷமா மருந்துக்கடையில நிக்கிறேன். எனக்குத் தெரியாத சளி மாத்திரையா? மூக்கடைச்சுக்கிட்டு எப்படிடி ஓடுவே?"

அம்மா அட்டையிலிருந்து இன்னொரு மாத்திரையைப் பிதுக்கினாள். கோட்டுக்காரி வேலியை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அம்மா போட்ட சத்தத்தில் செக்யூரிட்டி ஓடி வந்தார்.

"வீராங்கனைகளுக்கு யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதும்மா. இவங்க என்ன செஞ்சாங்க?"

"என் கையிலேர்ந்து பிடுங்கினாங்க. என் பொண்ணு ஜெயிக்கக் கூடாதுன்னே வந்திருக்காங்க. வெளியே அனுப்புங்க."

செக்யூரிட்டி அவள் கழுத்திலிருந்த அனுமதி அட்டையைக் கழற்றச் சொன்னார். அவள் அட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். ஓடுதளத்தைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னாள். அவருக்கும் புரியவில்லை. கடைசியில் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

அதற்குள் மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். மகள் மாத்திரை போடாமலே உள்ளே ஓடினாள்.

"படுபாவி, நினைச்சதைச் சாதிச்சிட்டா" என்றாள் அம்மா.

ஓட்டம் முடிந்தபோது ஒரே குழப்பம். முதல் இரண்டு பேர் தெளிவாகத் தெரிந்தார்கள். வாயால் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடிய மகளும், அறுபத்திரண்டாம் எண் பெண்ணும் ஒன்றாகப் பாய்ந்து கோட்டைத் தாண்டினார்கள். மூன்றாவது யார்? அப்பா அம்மாவைக் கேட்டார், அம்மா பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டாள், அவர் யாரையோ கேட்டார். பெரிய திரையில் போட்டோ வந்தது.

அரை விரல் வித்தியாசம். மகளுக்கு வெண்கலம்.

"அந்த அறுபத்திரண்டு பாவம்" என்றார் அப்பா. "தேத்தக்கூட யாரும் காணோம்."

அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

பதக்கம் வாங்கியவர்களுக்குப் பரிசோதனை உண்டு என்று அழைத்துப் போனார்கள். மகள் சின்னவள் என்பதால் அம்மாவும் கூடப் போனாள்.

"சமீபத்துல ஏதாவது மருந்து சாப்பிட்டியாம்மா?" என்று டாக்டர் மகளைக் கேட்டார்.

"எங்க சாப்பிட விட்டாங்க?" என்று அம்மா முந்திக்கொண்டாள். நடந்ததையெல்லாம் சொல்லி, கைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை நீட்டினாள்.

டாக்டர் அதன் பின்பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பிடுங்கினது யாரு?"

"யாரோ ஒரு கிறுக்கி."

"அந்தக் கிறுக்கி நல்லா இருக்கணும். இதுல கலந்திருக்கிறதுல ஒண்ணு ஊக்கமருந்துக் கணக்குல வரும், போட்டி நாள்ல ஓடுறவங்க உடம்புல இருக்கவே கூடாது. கடையில யாரும் வாங்கலாம், இவங்க மட்டும் தொடக் கூடாது. இதைப் போட்டிருந்தா உங்க பொண்ணு பதக்கம் நாலாவது வந்த பொண்ணுக்குப் போயிருக்கும்."

அம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பதினெட்டு வருஷம் மருந்துக்கடையில் நின்றவள், நேராகச் செக்யூரிட்டி அறைக்கு ஓடினாள்.

"அந்தம்மாவோட அட்டையைக் கொடுங்க. தப்பு என் மேலதான்."

"இந்தாங்க. பையைக்கூட உள்ளயே விட்டுட்டுப் போயிட்டாங்க. போன் அதுலதான் அடிச்சுக்கிட்டே இருக்கு."

அட்டையில் அவள் படம் இருந்தது. படத்துக்குக் கீழே, 'வீராங்கனையின் தாய். எண் 62.'

அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். எல்லாம் தெளிந்துவிட்டது. தெளியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

வாசலுக்கு வெளியே, பஸ் நிற்கும் இடத்துப் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்தாள். அட்டையையோ பையையோ வாங்கவில்லை. அட்டையிலிருந்த எண்ணைத் தொட்டுவிட்டு, ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் என்று நிமிர்த்திக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள்.

அம்மா நான்கு விரல்களைக் காட்டினாள். தன் மகள் மூன்று என்பதை எந்தக் கையால் காட்டுவது?

அவள் அந்த நான்கு விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, "உன் பொண்ணுக்குச் சளி இப்போ எப்படி இருக்கு?" என்பதுபோலத் தலையைச் சாய்த்தாள்.