காதைக் காட்டு

சனிக்கிழமை மதியம் ஏற்காட்டு வாடகை வீட்டில் கதிரேசனும் பிராங்க்ளினும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஆப்பமும் மிளகுக் கறியும் சூடாக இருந்தன. நல்ல ஒயினாகப் பார்த்து பிராங்க்ளின் வாங்கி வந்திருந்தான். மனைவி பிரிந்துபோன பிறகு கதிரேசன் வெளியூர் வந்தது இதுதான் முதல் முறை.

"அவ போனதுக்கு நீ மட்டும் காரணமில்லடா. அழணும்னா அழு, நான் இருக்கேன்," என்றான் பிராங்க்ளின்.

கதிரேசனுக்குத் அது இதமாக இருந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து இவன் இப்படிப் பேசியதே இல்லை. என்ன பேசலாம் என்று காதுக்குள் சொல்லித்தரும் பொத்தான் கருவி இல்லாமல் இப்போது யார்தான் பேசுகிறார்கள்?

"காதைக் காட்டுடா."

"எதுக்கு?"

"பொத்தான் சொல்லித்தானே இதெல்லாம் பேசுற?"

பிராங்க்ளின் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, முடியை ஒதுக்கி இரண்டு காதுகளையும் காட்டினான். எதிலும் ஒன்றுமில்லை.

"வர்ற வழி முழுக்க இதை எப்படிச் சொல்றதுன்னுதான்டா யோசிச்சுட்டு வந்தேன்." அவன் குரல் உடைந்தது.

'மனசு சரியில்ல, மன்னிச்சுடுடா என்று சொல்லுங்கள்' என்றது கதிரேசனின் காதிலிருந்த பொத்தான்.

அவன் அதைப் பிடுங்கி மேஜைமேல் போட்டான். பிராங்க்ளின் அதைப் பார்த்தான், பிறகு அவனைப் பார்த்துக் காத்திருந்தான்.

கதிரேசன் வாயைத் திறந்தான். ஒரு வார்த்தையும் வரவில்லை.