இடக்கை ஓசை

நிறுத்தாமல் அடிக்கச் சொல்லியிருந்தான்.

அவள் அடித்துக்கொண்டிருந்தாள்.

இடக்கையின் கீழே பழைய விசைப்பலகை. மூடப்பட்ட ஏதோ ஓர் அலுவலகத்தின் பரணிலிருந்து மஞ்சள் பாரித்து வந்து சேர்ந்தது. விசைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோப்பு நீரில் ஊறவைத்தவள் அவள். இடுக்குகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துருவேறிய ஸ்பிரிங்குகளை மாற்றி, தூசு போகத் துடைத்து முடிக்க ஒரு வாரம் பிடித்தது. இனி அது தேறியதா இல்லையா என்பதை அவன் காது சொல்ல வேண்டும்.

வலக்கையின் கீழே இன்னொன்று. உள்ளே ரப்பர் வைத்த மலிவுச் சரக்கு. எவ்வளவு அழுத்தினாலும் ஓசை எழாது. இட்லி மாவுக்குள் விரலை விட்டாற்போல இருக்கிறது, பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடு என்று அவன் என்றோ சொன்னது.

அவள் போடவில்லை.

கணினியில் செருகியிருந்தது ரப்பர் பலகைதான். பழையதன் வயர் மேசைக்கடியில் சும்மா தொங்கியது.

அடுத்த அறையில் அவள் கணவன் நல்லசிவம் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவு இல்லை. சாத்தினால் ஓசை மங்குகிறது என்று சென்ற ஆடியில் கழற்றிவிட்டான். நிலையில் கீல்கள் மட்டும் மிஞ்சியிருந்தன.

அவன் பதிவுசெய்து இணையத்தில் போடும் விசை ஓசைகளைக் கேட்க எங்கெங்கோ ஆட்கள் இருந்தார்கள். இது கூழாங்கல், இது ஓட்டின் மேல் தூறல் என்று அவன் வகைபிரித்துச் சொல்வதைச் சிலாகித்து எழுதுவார்கள். போன வாரம் அவள் முடித்துக் கொடுத்ததைத் தகரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டான்.

எந்த விசை என்பதும் அவனுக்குத் தெரியும். இடைவெளி விசையின் ஓசை வேறு, அழிக்கும் விசையின் ஓசை வேறு. அவள் எங்கே தயங்கினாள், எதை அழித்துவிட்டு எழுதினாள் என்பதை இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவான்.

சென்ற முறை அப்படித்தான் ஆயிற்று.

ஓசூரில் ஒரு தொழிற்சாலை. தரப் பரிசோதகர் வேலை. தங்க இடமும் அவர்களே தருகிறார்கள். வருகிறேன் என்று அவள் பாதி எழுதுவதற்குள் பின்னால் வந்து நின்றான்.

கோபிக்கவில்லை. அவன் ஒருநாளும் கோபிப்பதில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வர இயலாமைக்கு வருந்துகிறேன் என்று அவளுக்காக அவனே அழகாக எழுதி அனுப்பினான்.

பிறகு அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தான்.

அவர்கள் மறுபடியும் கேட்டிருந்தார்கள். இன்று நண்பகலுக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறோர் ஆளை அமர்த்திக்கொள்வார்கள்.

அவள் கைபேசி அவன் மேசையில் சார்ஜில் இருந்தது. அது எப்போதும் அங்கேதான் சார்ஜாகும்.

இடக்கையில் விரல் இறங்கும்போது பாதி வழியில் ஒரு தடை. அதைத் தாண்டியதும் ஸ்பிரிங் மடிந்து ‘டக்’ என்றது. ஓசைக்கு முந்திய அந்தத் தடை விரலுக்கு மட்டுமே தெரியும். அவன் காதுக்கு அது எட்டியதில்லை.

வலக்கையில் ஒன்றுமே தெரியவில்லை. அழுந்தியதா என்பதை விரல் சொல்லவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் திரையில் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டியிருந்தது.

பணியை ஏற்கிறேன்.

டக், டக், டக்.

திங்கட்கிழமை காலை வந்து சேர்வேன்.

எழுதி முடித்து, ‘அனுப்பு’ என்ற கட்டம்வரை நகர்ந்துவிட்டாள். என்டரை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

“கண்ணு.”

இடக்கை நிற்கவில்லை.

“இடது பக்கம் மட்டுந்தான் கேக்குது. வலது பக்கம் சிக்கிக்கிச்சா?”

அவள் குனிந்து பார்த்தாள். இடக்கை பழக்கத்தை விடாமல் பழைய பலகையின் இடப்பாதியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஓசை எழுந்தால் போதும் என்று எண்ணியவள், அது எந்தப் பக்கத்திலிருந்து எழ வேண்டும் என்பதை எண்ணவில்லை.

நாற்காலி பின்னால் நகரும் ஓசை.

“இரு, நானே வந்து பாக்கறேன்.”

“வேண்டாங்க. செரியாயிருச்சு.”



காலடி நெருங்கியது. அவள் இடக்கையைக் குறுக்கே நீட்டிப் பழையதன் என்டர்மேல் சுட்டுவிரலை வைத்தாள். ரப்பர் பலகையின் என்டர்மேல் வலக்கைச் சுண்டுவிரல்.

இரண்டையும் ஒருசேர அழுத்தினாள்.

காலடி நின்றது.

கதவில்லாத நிலைக்குள் வந்துவிட்டிருந்தான். மேசையும் திரையும் அவனுக்கு நேர் எதிரே இருந்தன. தலை சற்றே சாய்ந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. உன்னிப்பாகக் கேட்க வேண்டுமென்றால் அவன் நின்ற இடத்திலேயே கண்களை மூடிக்கொள்வான்.

“என்டரு வெங்கலமாட்ட இருக்குது. இன்னொருக்கா அடி.”

திரையின் நடுவில் ‘அனுப்பப்பட்டது’ என்ற சொல் பெரிதாக நின்றது. அது தானாக மறையுமா, தொட்டால்தான் மறையுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பழையதன் என்டரை அடித்தாள்.

அவன் முகத்தில் மெல்லிய சிரிப்பு பரவியது. கண்கள் திறக்கவில்லை.

அவன் கேட்கும் முன்பே மறுபடியும் அடித்தாள்.