அட்டையில் என்ன போட்டிருக்கு?

தேவிப்ரியாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் செய்த அநியாயம் இதுதான்: நிச்சயதார்த்தத்துக்குக் கொண்டுவந்த ஒன்பது தட்டில், லட்டு இருக்கவேண்டிய தட்டில் கறுப்புச் சாக்லேட்டை அடுக்கிவைத்திருந்தார்கள்.

கண்டுபிடித்தவர் தாய்மாமன் ஆண்டியப்பன். பெண்ணின் வாயில் முதல் இனிப்பை ஊட்டுகிற உரிமை அவருடையது. அவர் ஊட்டிய பிறகுதான் மற்றவர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு வாய் ஊட்டுவார்கள். அதற்காகவே ஆவுடையார்கோவில் மண்டபத்து மேடையில் காலையிலிருந்து உட்காராமல் நின்றிருந்தார்.

ஊட்டுவதற்கு முன்னால் ஒரு துண்டை விண்டு தன் வாயில் போட்டுப் பார்த்தார். கஷாயம் குடித்த பிள்ளை மாதிரி முகம் சுருங்கியது.

நிச்சய ஓலை வாசிக்க வந்தவரின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"சம்பந்தியம்மா, இது என்ன?"

மாப்பிள்ளையின் அம்மா உண்ணாமலை எழுந்தார். அறந்தாங்கியில் தையல் கடை வைத்திருப்பவர். அளந்துதான் பேசுவார்.

"சாக்லேட்டுண்ணே."

"கசக்குது."

"டார்க் சாக்லேட்டு. கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். ஒடம்புக்கு நல்லதுன்னு எம் மகன்தான் வாங்கிட்டு வந்தான்."

"எங்க ஒடம்புக்கு என்ன கேடு? நல்ல காரியத்துக்கு யாராச்சும் கசப்பத் தூக்கிட்டு வருவாங்களா?"

பெண்ணின் அம்மா சொர்ணவல்லி ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்தாள். "அண்ணே, விடுங்க. எதா இருந்தா என்ன?"

"நீ அங்கிட்டுப் போ. ஒனக்கு எதுத்துப் பேசவே தெரியாது. எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. எங்க பொண்ணு கறுப்பு. அதத்தான் தட்டுல வச்சுக் குத்திக் காட்டுறாங்க!"

அதுவரை மண்டபத்தில் யாரும் பெண்ணின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இப்போது இருநூறு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, தேவிப்ரியா எவ்வளவு கறுப்பு என்று பார்த்தார்கள்.

"மாமா, அவங்க ஒண்ணும் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க. அதுவும் மைக்குல" என்றாள் தேவிப்ரியா.

"நீ சின்னப்புள்ள, ஒனக்கு இதெல்லாம் தெரியாது. எம்.எஸ்ஸி. படிச்சிருக்கேல்ல? அந்த அட்டையில என்ன போட்டிருக்குன்னு எல்லாருக்கும் கேக்கறாப்புல படி. இவங்க லட்சணம் தெரியட்டும்."

சின்னப்புள்ள படித்தது.

"கோக்கோ எண்பத்தஞ்சு சதவீதம்."

"அது கறுப்பு. அப்புறம்?"

"நூறு கிராமுக்கு, கொழுப்பு நாப்பத்தாறு கிராம்."

"பாத்தீங்களா! அட்டையிலயே போட்டுத்தான் கொண்டுவந்திருக்காங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"நார்ச்சத்து பதினொண்ணு. இரும்புச்சத்து பத்து மில்லிகிராம்."

"இரும்பு வேறயா? இதென்ன பட்டறையா? இனிப்பு எவ்வளவு, அதச் சொல்லு."

"போதும்டி. எல்லாத்தையுமா படிக்கணும்?" என்றாள் சொர்ணவல்லி.

தேவிப்ரியா அந்த வரியில் நின்றுவிட்டாள். நிமிர்ந்து மாப்பிள்ளை செந்தமிழனைப் பார்த்தாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சர்க்கரை பதினாலு கிராம். சாதா சாக்லேட்டுல அம்பதுக்கு மேல இருக்கும், மாமா" என்றாள் மெதுவாக.

"நூத்துக்குப் பதினாலு! பரீட்சையா இருந்தா பெயிலு." ஆண்டியப்பன் சபையைப் பார்த்துத் திரும்பினார். "இனிப்புல கஞ்சம், நெறத்துல குத்தல். இவங்க வீட்டுல எங்க புள்ள எப்படிங்க வாழும்? எனக்குச் சரியான பதில் வராம இங்க ஓலை வாசிக்கக் கூடாது. இந்த நிச்சயமே வேண்டாம்!"

பெண்ணின் அப்பா ஆவுடையப்பன் மணி என்ன என்று பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பார்த்தார். அதில் கடிகாரம் இல்லை.

"இதுக்காகவா நிறுத்துவாங்க? வேணாம்ணே" என்று கெஞ்சினாள் சொர்ணவல்லி. கண் கலங்கியிருந்தது.

"பாருங்க, எந் தங்கச்சிய அழ வச்சுட்டீங்க!"

உண்ணாமலை மேடையேறி வந்தார்.

"அண்ணே, சாப்பிட்டுட்டுப் பேசுவமே. இல்லாட்டி இப்படி ஓரமா வாங்க, சொல்றேன்."

"ஓரமா எதுக்கு? சபையில நடந்த அவமானத்துக்குச் சபையிலதான் பதில் வேணும். இந்தாங்க மைக்கு!"

உண்ணாமலை மைக்கை வாங்கினார். ஆஃப் பண்ணினார். அதைத் தட்டில், சாக்லேட்டுகளின் மேல் படுக்கவைத்தார். பிறகு, ஆண்டியப்பனுக்கும் பக்கத்தில் நின்ற சொர்ணவல்லிக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, ஐஸ் தண்ணி எடுக்க ஒங்க தங்கச்சி வீட்டு ஃப்ரிட்ஜத் தொறந்தேண்ணே. கதவுல இன்சுலின் டப்பா இருந்துச்சு. நானும் அட்டையத்தான் படிச்சேன். 'தேவிப்ரியா, காலை பன்னெண்டு யூனிட், இரவு எட்டு யூனிட்'ன்னு பேனாவுல எழுதியிருந்துச்சு. ஒங்ககிட்டயும் சொல்லல போலருக்கு. அவங்களாச் சொல்லுவாங்கன்னு ரெண்டு மாசம் பாத்தோம், சொல்லல. சரி, எப்படியும் நம்ம வீட்டுக்கு வர்ற புள்ளதானேன்னு விட்டுட்டோம். ஆனா இந்த மேடையில இருநூறு பேரு வரிசையா வந்து லட்டு ஊட்டுனா, அந்தப் புள்ள என்ன காரணம் சொல்லி வேணாங்கும்?"