கதவு தட்டாத பரம்பரை

குழியை மண்ணால் மூடியாயிற்று. ஆள்தான் ஒன்று குறைந்தது.

பத்து ஆண்கள் நின்றால்தான் இறந்தவருக்கான பிரார்த்தனையைச் சொல்லலாம் என்பது அந்த யூதக் குடும்பத்தின் பழைய முறை. மதகுரு இரண்டாம் தடவையும் எண்ணினார். எண்ணினார் என்று சொல்வதும் பிழை. மனிதரை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாதாம். பத்துச் சொல் கொண்ட ஒரு வேத வசனத்தை, தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போனார். ஒன்பதாவது சொல் ஒரு கிழவரின் தொப்பியோடு நின்றது. பத்தாவது சொல்லுக்குத் தலை இல்லை.

நாலு தலைமுறையாகக் காசை எண்ணியே உயர்ந்த குடும்பம். இன்றைக்கு எண்ணவும் கூடாது, எண்ண ஆளும் இல்லை. கிருபனுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

இறந்துபோன பெரியவர் ஹெல்பர்ஸ்டைனின் கார்ச் சாரதி அவன். ஆறு வருடம் ஓட்டியதில் குடும்ப வரலாறு முழுவதும் அவனுக்குப் பாடம். பூட்டன் போலந்துச் சந்தையில் ஒரு வாங்குப் பலகையைப் போட்டு நாணயம் மாற்றினார். அவருடைய மகன் வியன்னாவில் வங்கி திறந்து இரண்டு அரசர்களுக்குக் கடன் கொடுத்தார். பேரன் காலத்தில் நாஜிகள் வந்து எல்லாவற்றையும் பறித்தார்கள். அந்தப் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதில் ரொறன்ரோ வந்து இறங்கியவர்தான் பெரியவர். ஸ்பதைனா தெருவில் ஒரு துணிக்கடையின் பின்னறையில் அப்பாவும் மகனும் மறுபடி மேசை போட்டார்கள். அந்த மேசை வளர்ந்து இருபத்திரண்டு மாடியானது.

ஒரு குடும்ப விதியைப் பெரியவர் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லுவார். வங்கிக்காரன் யாருடைய கதவையும் தட்டக்கூடாது. தேவையுள்ளவன் தேடி வருவான். அரசர்களே வந்தார்களாம்.

இன்றைக்கு யாரும் வரவில்லை. வங்கியை இன்னொரு பெரிய வங்கி விழுங்கிப் பதினைந்து வருடமாயிற்று. லண்டனிலும் ஜெனீவாவிலும் இருந்த சொந்தக்காரர் போனில் முகம் காட்டினார்கள். போனில் வரும் முகம் பத்தில் சேராது என்றார் குரு.

பெரியவரின் மகள் றெபேக்கா எழுபதைத் தொட்டவள். அந்த வங்கியையே நடத்தியவள். பெண் என்பதால் அவளும் பத்தில் சேரமாட்டாள். அப்பாவுக்குப் பிரார்த்தனை சொல்லாமல் இந்த இடத்தை விட்டு அசையமாட்டேன் என்று பனிக்குள் நின்றாள். அன்று வெள்ளிக்கிழமை. பொழுதுபட்டால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், மூன்று மணிக்கு மேல் காத்திருக்க முடியாது என்று குரு சொல்லிவிட்டார்.

கிருபன் ஒதுங்கிப்போய் ஒரு நம்பரை அழுத்தினான். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக்கட்டடத்தின் வாசலில், குழாய் உடைந்தால் அழைக்கும்படி எழுதிவைத்திருக்கும் நம்பர். ஆறு வருடம் பார்த்துப் பார்த்துப் பாடமானது. போனை எடுத்தவர் அந்தக் கட்டடத்தைப் பராமரிக்கும் றோய். அவரும் யூதர்தான். பிரார்த்தனைக்கு ஒரு ஆள் குறைகிறது என்றான் கிருபன். எந்த மயானம் என்று கேட்டார், சொன்னான். யாருடைய சாவு என்று கேட்டார், அதையும் சொன்னான். போன் வெட்டுப்பட்டது.

இனி வரமாட்டார் என்றுதான் கிருபன் நினைத்தான்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏணி கட்டிய பழைய வான் ஒன்று வந்து நின்றது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், இடுப்பில் கட்டடத்துக் கதவுகளின் திறப்புக் கொத்து கிலுங்க, வேலை உடுப்போடு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். குரு மறுபடி வசனத்தைத் தொடங்கினார். பத்தாவது சொல் றோயின் நெஞ்சுக்கு நேரே வந்து முடிந்தது.

பிரார்த்தனைத் தாளைக் குரு சொந்தக்காரப் பையன் ஒருவனிடம் நீட்டினார். அவன் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் றோய் தாளில்லாமலே தொடங்கிவிட்டார்.

றெபேக்கா திரும்பினாள். முதலில் திறப்புக் கொத்தைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடமாகச் சொல்லாத பெயர். தம்பியின் பெயர். உதடு மட்டும் அசைந்தது.

வங்கியும் வேண்டாம் வீடும் வேண்டாம் என்று எழும்பிப் போன ஒரே மகன். மகனாகக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாரோ தெரியாது. பத்தாவது ஆளாக வந்துவிட்டார்.

முடிந்ததும் நேரே கிருபனிடம் வந்தார். அக்காவுக்கு விளங்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, முப்பது வருடம் எங்கள் சனத்தின் குழாய்களைத் திருத்திப் பழகிய தமிழில் கேட்டார்.

"தம்பி, நான் இருக்கிற இடம் அப்பாவுக்குத் தெரியுமோ?"

"ஓம் அண்ணை. மாசத்தில ஒருநாள் உங்கட பில்டிங்குக்கு முன்னால காரை நிப்பாட்டச் சொல்லுவார். ஒரு மணித்தியாலம் பாத்துக்கொண்டு இருப்பார். இறங்கமாட்டார்."

ஏன் இறங்கவில்லை என்று றோய் கேட்கவில்லை. அவரும் அந்த வீட்டில் வளர்ந்தவர்தானே.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரியவரின் பணப்பை கிருபனிடம் இருந்தது. அதிலிருந்து, மடித்து மடித்துக் கிழியத் தொடங்கிய ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதம். கிருபன் கோப்பி வாங்கப் போயிருந்தான். பெரியவர் காரின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் தனியே இருந்தார். பனி வழித்துக்கொண்டிருந்த றோய், யாருடைய காரோ வழியை மறிக்கிறது என்று காரடிக்கு வந்தார். கண்ணாடியில் மூன்று தரம் தட்டினார். கொஞ்சம் நின்று பார்த்தார். உள்ளே ஆளில்லை என்று நினைத்து, அந்தத் தாளில் ஏதோ எழுதி, கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். தெருவுக்கு மறுபக்கம் இரண்டு கோப்பியோடு நின்ற கிருபன் எல்லாவற்றையும் பார்த்தான். பெரியவர் கண்ணாடியை இறக்கவேயில்லை.

அடுத்த மாதமும் அதே இடத்தில்தான் நிறுத்தச் சொன்னார்.

மகனிடமிருந்து அவருக்கு வந்த ஒரே கடிதம் அது. றோய் அதை விரித்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

'இங்கே நிற்காதே' என்று எழுதியிருந்தது.