மாமாவுக்குப் பிடிச்சது

"மாமாவுக்கு வாழைப்பூ வடைன்னா உசுரு. அதுதான் நடு இலையில வரணும்" என்றாள் மூத்த மருமகள் ஞானசௌந்தரி.

"இல்லக்கா, என் வத்தக்குழம்புதான். அவரே என்கிட்ட சொல்லியிருக்காரு" என்றாள் இளையவள் விஷ்ணுப்ரியா.

"ரெண்டு பேரும் சும்மா இருங்கடி. அம்பது வருஷம் குடும்பம் நடத்துனவ நான். என் கடலைப்பருப்பு பாயசத்துக்கு மேல அவருக்கு ஒண்ணும் கெடையாது" என்றார் மாமியார் சொர்ணாம்பாள்.

கோவில்பத்தில் அந்த வீட்டில் அன்றைக்குத் தெட்சிணாமூர்த்தியின் முதல் வருஷத் திவசம். இறந்தவருக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதைப் படையல் இலையின் நடுவில் வைத்து, மற்றதைச் சுற்றிலும் பரிமாறுவது அவர்கள் குடும்ப வழக்கம். சுலபமான வழக்கம்தான். ஆனால் கரண்டியும் கையுமாக மூன்று பேர் நிற்க, இலை காலியாகவே கிடந்தது. மணி ஒன்றரை.

கூடத்தில் உறவுக்காரர்கள் பசியோடு நெளிந்துகொண்டிருந்தார்கள். சுரக்குடியிலிருந்து வந்திருந்த தெட்சிணாமூர்த்தியின் தங்கை அமுதம் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார்.

"நல்லாருக்குடி! எங்கண்ணன் எப்பேர்ப்பட்ட மனுஷன். யாரையும் ஒரு சொல்லு சொன்னதில்ல. அவரு திவசத்தன்னிக்கு யாரு பெரியவன்னு மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

அப்படியே விஷ்ணுப்ரியா பக்கம் திரும்பினார். "நீயாவது விட்டுக்குடு. ஒன் வத்தக்குழம்பு எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். கடல்ல மொண்டுக்கிட்டு வந்த மாதிரி."

கூடத்தில் சிரிப்பு. விஷ்ணுப்ரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கல்யாணமாகி மூணு வருஷம், இந்த வீட்ல என் சமையல நல்லாருக்குன்னு சொன்னது அவரு ஒருத்தருதான். கேட்டு வாங்கி ஊத்திக்குவாரு. அவரு இலையிலயே அதை ஓரத்துல தள்ளிட்டா, அப்புறம் நான் யாருக்கு சமைக்கிறது?"

அவள் புருஷன் சிவநாதன் வாசலில் கிடந்த செருப்புகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினான். வத்தக்குழம்பைப் பற்றி அவனுக்கும் ஒரு கருத்து இருந்தது. சொல்லத்தான் தைரியம் இல்லை.

மூத்தவன் நவநீதன் ஒரு வழி கண்டுபிடித்தான். "அப்பாவே வந்து சொல்லட்டும். மூணையும் மொட்டை மாடியில வைப்போம். காக்கா எதை மொதல்ல எடுக்குதோ அதுதான் நடு இலை."

எல்லோரும் மாடிக்குப் போனார்கள்.

காக்கா வந்தது. வடையை ஒரு பார்வை பார்த்தது. பாயசத்தைத் தாண்டிக் குதித்தது. வத்தக்குழம்புச் சோற்றின் பக்கம் தலையைச் சாய்த்து யோசித்தது. கடைசியில், போகிற போக்கில் யாரோ ஓரத்தில் வைத்திருந்த அப்பளத்தைக் கவ்விக்கொண்டு பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் உட்கார்ந்தது.

"அப்பளம் பொரிச்சது யாரு?" என்றார் அமுதம்.

அது கடையில் பொரித்தே வாங்கிய அப்பளம்.

அந்த நேரம் பார்த்து அல்லா பிச்சை மூச்சு வாங்கிக்கொண்டே மாடிக்கு வந்து சேர்ந்தார். தெட்சிணாமூர்த்தியோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்து, ஒரே மாதத்தில் ரிடையர் ஆனவர். தினமும் சாயங்காலம் இரண்டு பேருக்கும் டீ ஒன்றாகத்தான்.

"வாங்க பாய். நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க" என்று சொர்ணாம்பாள் பிடித்துக்கொண்டார். "எங்க மூணு பேரு சமையல்ல அவருக்கு எது ரொம்பப் புடிக்கும்? உங்ககிட்ட சொல்லாம இருந்திருக்க மாட்டாரு."

அல்லா பிச்சை வடையையும் பாயசத்தையும் குழம்பையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு, தங்கச்சி. ஆனா நீங்க இப்படி அடிச்சிக்கிட்டு நின்னா நான் என்ன பண்றது? கொரோனா வந்து பொழைச்சாருல்ல, அப்ப நாக்குல போன ருசி அவருக்குத் திரும்பி வரவே இல்ல."

சொர்ணாம்பாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒருநாளு டீ மாஸ்டர் சர்க்கரைக்குப் பதிலா உப்ப அள்ளிப் போட்டுட்டான். நான் துப்பிட்டேன். இவரு 'இன்னிக்கு டீ பிரமாதம்'னு கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கிறாரு. அப்பத்தான் புடிச்சேன். டாக்டர்கிட்டயும் அழைச்சிக்கிட்டுப் போனேன். இனிமே வர்றது சந்தேகம்னுட்டாரு."

"அப்ப என் வத்தக்குழம்பு?" என்றாள் விஷ்ணுப்ரியா.

"வெந்நீரும் அதுவும் அவருக்கு ஒண்ணுதாம்மா. வடையும் அப்படித்தான், பாயசமும் அப்படித்தான். மொதல்ல உங்க எல்லாரு மூஞ்சியையும் பாப்பாராம். என்னிக்கு மத்தவங்க மூஞ்சி கோணுதோ, அன்னிக்கு இன்னொரு கரண்டி கேட்டு வாங்குவாராம்."

"அடப்பாவி அண்ணா!" என்று வாயில் கையை வைத்தார் அமுதம். விஷ்ணுப்ரியா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

சொர்ணாம்பாளுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"கட்டுன பொண்டாட்டிகிட்டகூட சொல்லாம மறைச்சிட்டாரே, பாய். ஏன்?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'அடுப்புல வெந்து சமைச்சுக் கொண்டாந்து வச்சிட்டு, என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்கய்யா. நாக்கு செத்துப்போச்சுன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் நல்லாருக்குன்னு சொல்றத யாரு நம்புவா?'ன்னாரு."