பாதி வீட்டின் விலை

"யார் வீட்டை வச்சுக்கப் போறீங்க, யார் விட்டுட்டுப் போகப் போறீங்க, எதையும் இப்ப சொல்லாதீங்க. நான் விலையை எழுதி முடிச்சப்புறம் சொன்னாப் போதும்."

வாசல்படி ஏறுவதற்கு முன்பே தராசு இதைச் சொல்லிவிட்டார். வீடுகளுக்கு மதிப்புப் போடுவது அவர் தொழில். 'தராசு' என்பது வக்கீல்கள் வைத்த பட்டப்பெயர். யாருக்கு லாபம் என்று தெரிந்துவிட்டால் பேனா தானாகச் சாய்ந்துவிடும் என்று அவருக்கு ஒரு கொள்கை. அந்தக் கொள்கையில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கணவனும் மனைவியும் தலையாட்டினார்கள். பதினான்கு வருடக் குடித்தனம் முடிகிறது. வீடு இருவர் பேரிலும் இருக்கிறது. பிரிவு ஒப்பந்தத்தில் மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது. வீடு மட்டும்தான் பாக்கி. ஒருவர் வீட்டை வைத்துக்கொண்டு, தராசு போடும் மதிப்பில் பாதியை மற்றவருக்குக் கொடுத்துவிட வேண்டும். இருக்கிறவர் அதற்குக் கடன் வாங்கியாக வேண்டும். போகிறவர் அதை வைத்துத்தான் வேறு இடம் தேட வேண்டும். தராசு சொல்வதுதான் கடைசி விலை என்று இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

தராசு டேப்பை நீட்டிக் கூடத்தை அளந்தார்.

"நல்லாக் காத்து வரும் சார். ஃபேனே வேண்டாம்," என்றான் கணவன்.

"காத்து எங்க வருது? பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற சத்தம்தான் வருது," என்றாள் மனைவி.

"காவலுக்கு நல்லது சார்."

தராசு சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"அலமாரியெல்லாம் தேக்கு சார்."

"கதவு மட்டும்தான் தேக்கு. உள்ள பூரா பிளைவுட். அதுவும் உப்பிப்போச்சு. திறந்து காட்டறேன், பாருங்க."

"நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?"

"எதுக்குச் சும்மா இருக்கணும்? உள்ளதைத்தானே சொல்றேன்."

எதற்காகப் பிரிகிறீர்கள் என்று தராசு யாரையும் கேட்பதில்லை. கால் மணி நேரம் கூட இருந்தாலே தெரிந்துவிடும்.

படுக்கையறைக் கதவு சரியாக மூடாது என்றாள் மனைவி. "யார் சொன்னது?" என்று கணவன் தோளைக் கொடுத்து மூடிக் காட்டினான். நன்றாகவே மூடிக்கொண்டது. திறக்கத்தான் மறுத்தது. மூன்று பேரும் உள்ளே. அவன் வியர்க்க வியர்க்க இழுத்துப் பார்த்து ஓய்ந்தபின், அவள் வந்து கைப்பிடியைத் தூக்கிக் கீழே காலால் ஓர் உதை விட்டாள். கதவு திறந்தது.

"இதையும் எழுதிக்குங்க சார்," என்றாள்.

"ஆமா சார், எழுதிக்குங்க. உறுதியான கதவு."

குளியலறைச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. கணவன் முந்திக்கொண்டு போய் அதை மறைத்து நின்றான். நல்ல வாட்டசாட்டமான ஆள்தான். ஆனாலும் ஓதம் இரண்டு பக்கமும் தெரிந்தது.

"அது... போன வாரம் பக்கெட் கவிழ்ந்துடுச்சு சார்."

"பக்கெட் என்ன, சுவர்ல ஏறிப் போய்க் கவிழ்ந்துச்சா?"

தராசுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு போகிறவன் வீட்டைப் புகழ்வான். பணம் கொடுக்கப் போகிறவள் குறை சொல்வாள். இதற்குச் சாட்சி வேறு வேண்டுமா? கேட்க மாட்டேன் என்பதுதான் அவர் கொள்கை. ஊகிக்க மாட்டேன் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

மாடிப்படியில் கணவன் பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினான். "சார், கொஞ்சம் கூட்டிப் போட முடியுமா?"

"அந்தப் பேச்சே என்கிட்ட ஆகாது."

கணவன் கீழே இறங்கிப் போய்விட்டான். மாடி அறையில் மனைவி காத்திருந்தாள். "சார், இந்தச் சுவர்ல இருக்கற விரிசலை விட்டுடாதீங்க. எவ்வளவு குறைக்க முடியுமோ குறைச்சிடுங்க. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"உங்களுக்கும் அதே பதில்தாம்மா."

எரிச்சலோடு இறங்கி வந்து உட்கார்ந்தார். ஓதத்துக்குக் கழித்தார். வெளிச்சத்துக்குக் கூட்டினார். நாயைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு ரூபாய் இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை என்கிற மாதிரி விலையை எழுதி, கையெழுத்துப் போட்டு முத்திரையையும் குத்தினார்.

அதோடு எழுந்து போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. இது என் வேலை இல்லை. ஆனா பதினாலு வருஷம் ஒரே வீட்ல இருந்தவங்க, கடைசி நேரத்துலகூட ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தப் பார்க்கிறீங்களே, நல்லாவா இருக்கு? இவர் தனியா வந்து கூட்டிப் போடுங்கறார். நீங்க தனியா வந்து குறைச்சுப் போடுங்கறீங்க. எனக்கே வெட்கமா இருக்கு."

மனைவி சட்டென்று கணவன் பக்கம் திரும்பினாள். "கூட்டிப் போடச் சொன்னீங்களா? உங்களுக்கென்ன பைத்தியமா?"

"நீ குறைச்சுப் போடச் சொல்லியிருக்க. உனக்கு மட்டும் அறிவிருக்கா?"

"பார்த்தீங்களா, சாயம் வெளுத்துப்போச்சு," என்றார் தராசு திருப்தியாக. படிவத்தில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. பேனாவைத் திறந்தார். "சரி, சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. வீட்டை வச்சுக்கறவர்ங்கிற இடத்துல உங்க பேரைத்தானேம்மா போடணும்?"

அவள் கண் கலங்கியிருந்தது. பார்வை இன்னும் கணவனை விட்டு நகரவில்லை.

"என் பேர் எதுக்கு சார்? வீட்டை வச்சுக்கறது அவர். பாதிப் பணத்தை வாங்கிக்கிட்டு வெளிய போறவ நான்."